சாப்பிட்டியா, சரி... என்ன சாப்பிட்ட? காலைத் தட்டுக்கு மார்க் போடலாம் வாங்க!

"சாப்பிட்டியா?"

காலையில பள்ளிக்கூடம் கிளம்புற பிள்ளைகிட்ட எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. "ம்..." என்று பதில் வந்துவிட்டால் அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் வயிறு நிறைவது வேறு, உடம்புக்கு வேண்டியது போய்ச் சேர்வது வேறு. ரெண்டாவதைக் கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் நம்ம ஊர் அரசுப் பள்ளியிலேயே இருக்கு.

50 + 15 + காய்கறி

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் புதுக்கோட்டை உட்பட தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. ஒரு பிள்ளைக்கு அதில் போட்ட கணக்கு இதுதான்: அரிசி, ரவை, சேமியா அல்லது சிறுதானியம் 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், கூடவே உள்ளூர்க் காய்கறி.

இந்தக் கணக்கு எப்படி? 50 கிராம் ரவையில் சுமார் 5 கிராம் புரதம், பருப்பில் 3 கிராம். ஆக 8 கிராம். ஐ.சி.எம்.ஆர் 2020 பரிந்துரைப்படி 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 23 கிராம் புரதம் வேண்டும். காலை உணவில் கால்வாசி கிடைத்தாலே நல்லது. இங்கே மூணில் ஒரு பங்கு கிடைச்சிடுது. பாஸ்!

கலோரியில்தான் கொஞ்சம் குறை. அதே வயதுக்கு நாளுக்கு 1,700 கலோரி தேவை, கால்வாசின்னா 425. இந்தத் தட்டில் எண்ணெயையும் சேர்த்தாலும் 250, 300-க்குள்தான் வரும். வீட்டில் ஒரு வாழைப்பழமோ, ஒரு டம்ளர் பாலோ கொடுத்து அனுப்பினால் அந்த இடைவெளி குறையும்.

ஆறாம் வகுப்பு அக்காவுக்கு?

சிக்கல் இங்கேதான். திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். தம்பி பள்ளியில் சுடச்சுட பொங்கல் சாப்பிடுறான். அதே வீட்டில் ஹைஸ்கூல் போகிற அக்கா, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் டீயும் நாலு பிஸ்கட்டுமாக ஓடுகிறாள். அதில் புரதம் 3 கிராம் அளவுக்குத்தான் இருக்கும்.

அவளுக்குத்தான் தேவை அதிகம். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 43 கிராம் புரதம், 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். அதே வயதுப் பையனுக்கு இரும்பு 22 மில்லிகிராம் போதும். மாதவிடாயில் போகிற இரும்பை ஈடுகட்டணும் இல்லையா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. சாப்பாட்டோடு டீ குடித்தால் இருக்கிற இரும்பும் உடம்பில் சரியாகச் சேராது.

நாலு கேள்வி, நாலு மார்க்

நாளைக்குக் காலையில் உங்க தட்டையோ, தங்கச்சி தட்டையோ பார்த்து மார்க் போடுங்க.

1. தானியம் இருக்கா? இட்லி, தோசை, பொங்கல், கம்பங்கூழ் எதுவானாலும் 1 மார்க்.
2. பருப்பு, பயறு, முட்டை, பால், நிலக்கடலை இதில் ஒண்ணாவது இருக்கா? 1 மார்க்.
3. காய், கீரை, பழம் ஏதாவது? 1 மார்க். சாம்பாரில் போட்ட முருங்கைக்காயும் கணக்குதான்.
4. சீனி அதிகம் இல்லாமல், டீ, காபி கூட வராமல் இருக்கா? 1 மார்க்.

டீ-பிஸ்கட்டுக்கு இதில் 1 மார்க்கைத் தாண்டாது. வெறும் உப்புமாவும் சீனியும் வைத்தாலும் அதே கதைதான். நாலு இட்லியும் காய் போட்ட சாம்பாரும்? முழு மார்க்! ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். சாம்பாரோடு சேர்த்தால் 11 கிராம். அக்காவின் ஒரு நாள் தேவையில் கால்வாசி.

நம்ம ஊர்லயே இருக்கு

இதுக்குப் பெரிய செலவு வேண்டாம். இட்லிக்குப் போடுற உளுந்தில் 'வம்பன் 8', 'வம்பன் 10' ரகங்கள் பேர் வாங்கினவை. அந்த வம்பன் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கு. வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஆராய்ச்சி மையம் அங்கேதான். ஆலங்குடி பக்கம் நிலக்கடலைக்கும் குறைவில்லை.

உட்கார்ந்து சாப்பிட நேரமே இல்லையா? இப்படிப் பண்ணலாம்:

- ராத்திரியே வேகவைத்த கடலை ஒரு கைப்பிடி, ஒரு வாழைப்பழம். பஸ்ஸிலேயே சாப்பிடலாம்.
- மோர் கரைத்த கம்பங்கூழ், கூடவே கடலைத் துவையல். கம்பில் இரும்பும் உண்டு.
- அவித்த முட்டை ஒண்ணு, ரெண்டு இட்லி. முட்டையில் மட்டும் 6 கிராம் புரதம்.
- ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ. இதிலுள்ள வைட்டமின் சி, இரும்பை உடம்பு எடுத்துக்க உதவும்.
- டீ வேணும்னா, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு.

தம்பிக்கு அரசு அளந்து போடுது. அக்காவுக்கு வீட்டில்தான் அளந்து போடணும். நாளைக்குக் காலையில் "சாப்பிட்டியா?"வோடு நிறுத்தாம, "என்ன சாப்பிட்ட?"ன்னு சேர்த்துக் கேளுங்க!