நகர்ப்புறக் கைப்பேசிக் கோபுரங்கள்: ஒழுங்குமுறையும் பாதுகாப்பும்

கைப்பேசிக் கோபுரம் என்பது ஆன்டெனா, வானொலிக் கருவிகள், மின்கலங்கள், ஜெனரேட்டர் ஆகியவற்றைக் கொண்ட தொலைத்தொடர்பு அமைப்பு. பேச்சு வழக்கில் செல்போன் டவர். தரையிலிருந்து எழுப்புவது, மொட்டைமாடியில் நிறுத்துவது, தெருக் கம்பத்தில் பொருத்துவது என மூன்று வகைகள் நகரங்களில் உண்டு. இந்தியாவில் கோபுரம் வெளியிடும் அலையைக் கண்காணிப்பது மத்திய அரசு; அது நிற்கும் இடத்துக்கு மாநில அரசும் உள்ளாட்சியும் பொறுப்பு. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி போன்ற நெசவு நகரங்களில் இந்தப் பிரிவினையை அறிந்தால்தான் எந்தக் குறையை யாரிடம் சொல்வது என்பது தெளிவாகும்.

பின்னணி

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குச் சென்றது. 1997இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உருவானது. நான்காம், ஐந்தாம் தலைமுறைச் சேவைகள் வரவர, ஓர் உயரமான கோபுரம் ஊர் முழுவதையும் பார்த்துக்கொண்ட நிலை மாறியது. தாழ்வாகவும் நெருக்கமாகவும் பல ஆன்டெனாக்கள் தேவைப்பட்டன. கோபுரங்கள் ஊருக்கு வெளியிலிருந்து வீடுகளின் மாடிக்கு வந்தது இதனால்தான்.

கதிர்வீச்சு வரம்பு

கோபுர அலைகள் அயனியாக்காத வகையைச் சேர்ந்தவை. எக்ஸ் கதிரைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதத்தில் இவற்றை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. போதிய உறுதியான சான்று இல்லாதபோதும் ஐயத்தை ஒதுக்கிவிட முடியாதவற்றுக்கான பிரிவு அது.

இந்தியா 2008இல் பன்னாட்டு வழிகாட்டு வரம்பை ஏற்றது. 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரங்களுக்கு அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அதன்படி 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800 மெகாஹெர்ட்ஸுக்கு 0.9 வாட் என வரம்பு அமைந்தது. கைப்பேசிக் கருவிக்கு, ஒரு கிராம் திசு சராசரியில் கிலோகிராமுக்கு 1.6 வாட் என்ற உறிஞ்சல் வரம்பு விதிக்கப்பட்டது.

ஆன்டெனா விளக்கைப் போல எல்லாத் திசையிலும் சமமாக வீசுவதில்லை. எதிரே நீளும் கற்றையாக, சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து அனுப்புகிறது. தூரம் இரட்டித்தால் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே கோபுரத்தின் காலடியில் இருப்பவரைவிட, ஆன்டெனாவுக்கு நேரெதிரே அதே உயரத்து மாடியில் இருப்பவர் மீதே அதிக அலை படும். 2013 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் அறிவுரை இதை அடிப்படையாகக் கொண்டது. நேரெதிரே சம உயரக் கட்டடம் இருந்தால் ஒரே ஆன்டெனாவுக்கு 20 மீட்டர், இரண்டுக்கு 35 மீட்டர், பன்னிரண்டுக்கு 75 மீட்டர் இடைவெளி தேவை என்றது அது.

கோபுரத்தை அறவே அகற்றினால் அலை குறைந்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல. சிக்னல் மங்கும் இடத்தில், காதோடு ஒட்டிய கைப்பேசி தன் திறனைக் கூட்டிக்கொள்கிறது.

கண்காணிப்பு

அலை வரம்புக்குள் இருப்பதாக நிறுவனங்கள் தாமே சான்றளிக்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் களப்பிரிவு ஆண்டுதோறும் 10 விழுக்காடு நிலையங்கள் வரை சோதிக்கும். 2017 மே 2 அன்று தொடங்கிய ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் அருகிலுள்ள கோபுரங்களின் விவரத்தைப் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டி அளவீடும் கோரலாம்.

கட்டடமும் களமும்

அலையை விடக் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள் உண்டு. இரும்புச் சட்டகத்தின் எடையும் காற்றின் தள்ளுவிசையும் சேர்ந்து மொட்டைமாடியின் தூண்களில் இறங்குகின்றன. எனவே மாடிக் கோபுரத்துக்குக் கட்டட உறுதிச் சான்று கேட்கப்படுகிறது. ஜெனரேட்டரின் ஒலி, உறையிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. மின்னல் காப்பும் நிலத்தொடுப்பும் தேவை.

ஏறும் வழியைப் பூட்டி வைப்பதும் பாதுகாப்பின் பகுதியே. தமிழ்நாட்டில் கோபுரத்தில் ஏறுவது ஒரு போராட்ட வடிவமாகவே ஆகிவிட்டது. மதுவிலக்குக் கோரிய காந்தியவாதி சசி பெருமாள், 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மின்சாரம் நின்று பல கோபுரங்கள் ஓய்ந்தன. மின்கலமும் டீசலும் தீரும் வரையே கோபுரத்தின் ஆயுள் என்பதை நகரம் அப்போது உணர்ந்தது.

சட்டமும் நீதிமன்றமும்

தொலைத்தொடர்புக் கட்டமைப்பை நிலத்தில் அமைக்க அனுமதி பெறுவது பற்றிய 2016இன் வழியுரிமை விதிகளுக்குப் பதிலாக, 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழான புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. பொது நிலத்துக்கான விண்ணப்பத்துக்குக் குறித்த காலத்துக்குள் பதில் தராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும்.

ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2012இல் பள்ளி, மருத்துவமனை அருகிலுள்ள கோபுரங்களை அகற்ற உத்தரவிட்டது. 2017இல் குவாலியரைச் சேர்ந்த ஒரு வீட்டுப் பணியாளரின் மனுவில், குறிப்பிட்ட கோபுரத்தை நிறுத்தி வைக்குமாறு உச்ச நீதிமன்றம் கூறியது. வரியிலும் இழுபறி உண்டு. கோபுரத்துக்குச் சொத்து வரி விதிக்கலாம் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 சட்டத்தின் 14ஆம் பிரிவோ தொலைத்தொடர்புக் கட்டமைப்பை அது நிற்கும் சொத்தின் பகுதியாகக் கருதக் கூடாது என்கிறது.

ஆரணி போன்ற நகரங்களில்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி, பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற நகராட்சி. இங்கே நெசவாளர் வீடே தொழிற்கூடம். கீழே குழித்தறி, மேலே ஓடு அல்லது பழைய தளம். ஒட்டிய சுவர்களும் குறுகிய தெருக்களும் கொண்ட இத்தகைய குடியிருப்பில் ஒரு மாடியின் ஆன்டெனா அடுத்த வீட்டு மாடியைப் பார்த்து நிற்க வாய்ப்பு அதிகம். பழைய தளத்தின் தாங்குதிறன் தனிக் கேள்வி. ஐந்தாம் தலைமுறைக்குச் சிறு கருவிகளைத் தெருக் கம்பங்களில் மாட்டப் புதிய விதிகள் வழி செய்கின்றன. தறிக்கான பாவு நூலை நீட்டும் தெருக்களில் கம்பம் எங்கே நிற்கிறது என்பது தொழில் சார்ந்த கேள்வியும்கூட.

மொட்டைமாடியை வாடகைக்கு எடுப்பதாகச் சொல்லி, டிராயின் பெயரில் போலித் தடையின்மைச் சான்று காட்டி முன்பணம் பறிக்கும் மோசடியும் பரவலானது. டிராய் அப்படி எந்தச் சான்றும் வழங்குவதில்லை. கோபுரம் வைக்க வருபவர் வீட்டுக்காரருக்கு வாடகை தர வேண்டியவரே தவிர, பணம் கேட்க வேண்டியவர் அல்ல.

அலை அளவு குறித்த புகார் தொலைத்தொடர்புத் துறைக்குரியது. நகராட்சியிடம் அதை அளக்கும் அதிகாரம் இல்லை. விரிசல் கண்ட தளம், இரையும் ஜெனரேட்டர், பூட்டில்லாத ஏணி ஆகியவையே உள்ளூரில் கேட்டுத் தீர்க்கக்கூடியவை. இவற்றுக்கு அளவுக்கருவி தேவையில்லை. மாடி ஏறிப் பார்த்தாலே போதும்.