நம்ம மாடவீதியைப் பார்க்க நமக்கே டிக்கெட்டா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை ஆற்றிக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் வெளியூரிலிருந்து என் தம்பி மகள் கேட்டாள்: "அத்தை, லீவுக்குப் பசங்களோட வர்றேன். மயிலாப்பூர்ல ஒருநாள் மரபு நடையாம். காலையில மெஸ் சாப்பாடு, அப்புறம் கோயில், கைத்தொழில், சாயங்காலம் தி.நகர் பட்டுக்கடை. ஆளுக்கு இவ்வளவுன்னு காசு கட்டணும். நம்ம மாடவீதியை நமக்கே காட்டக் காசா? நீங்களே கூட்டிட்டுப் போக மாட்டீங்களா?"

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பாதிப்பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் வரலாறு.

கூட்டமாகப் போய் ஒரே நாளில் ஊர் பார்த்துத் திரும்பும் வழக்கத்துக்கு மேலைநாட்டில் ஒரு தேதி சொல்வார்கள். 1841 ஜூலை 5. இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குச் சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். பிற்காலத்தில் அதுவே பெரிய சுற்றுலாத் தொழிலாக வளர்ந்தது.

நம் பக்கம் பாருங்கள். பத்துப்பாட்டில் பத்து நூல்கள். அவற்றில் ஐந்து ஆற்றுப்படை. 'ஆற்றுப்படுத்துதல்' என்றால் வழிகாட்டுதல். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனை வழியில் பார்க்கிறான். "இப்படிப் போ, இந்த ஊர் வரும், அங்கே இன்னார் இருப்பார்கள், இதைச் சாப்பிடத் தருவார்கள்" என்று சொல்லி அனுப்புகிறான். சிறுபாணாற்றுப்படையில் அந்த வழி எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று போகிறது. (இந்த வேலூர் இன்றைய கோட்டை வேலூர் அல்ல.) எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட மீன் தருவார்கள். வேலூரில் எயினர் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் தருவார்கள். ஆமூரில் வெண்சோறும் நண்டும். பெரும்பாணாற்றுப்படை காஞ்சிக்கு வழி சொல்கிறது. அதில் ஒரு வீட்டில் மாதுளம் பிஞ்சை மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் சமைத்திருக்கிறார்கள், தொட்டுக்கொள்ள மாவடு. எந்த நிலத்தில் என்ன விளையும், யார் என்ன சமைப்பார்கள் என்று வரிசையாக வருகிறது. இன்றைக்கு 'உணவு நடை' என்கிறோமே, அதன் திட்டம் அப்படியே இருக்கிறது.

மயிலாப்பூருக்கே தனியாக ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம். பாம்பு தீண்டி இறந்த சிவநேசரின் மகளைப் பார்த்து, "இந்தத் திருவிழாவைப் பார்க்காமல் போவாயோ?" என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வருஷம் முழுக்க வரும். தைப்பூசத்தில் நெய் கலந்த சோறுகூட உண்டு. ஊரின் விழாப் பட்டியலையும் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்லி ஒரு பெண்ணை உயிர்வாழ அழைக்கும் பாட்டு அது.

அவர் பாடிய கோயில் கடலோரத்தில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமில் வேரூன்றிய காலத்தில் அது அழிந்தது. இன்று நாம் கும்பிடும் கபாலீசுவரர் கோயில் பிறகு உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. கிழக்குக் கோபுரம் 1906இல் எழுந்தது. நடையில் போகும்போது கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் குழந்தைகளிடம் இதையும் சொல்லுங்கள். இடமே மாறியிருக்கிறது, விழா மட்டும் தொடர்கிறது.

இன்றைய நகர நடைகளுக்கு வருகிறேன். எஸ். முத்தையா அவர்கள் 1981இல் சென்னையைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் பலருடைய கண்ணைத் திறந்தது. 2004இல் அவரும் சசி நாயரும் வின்சென்ட் டி'சூசாவும் சேர்ந்து மெட்ராஸ் தினத்தைத் தொடங்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த நிலம் கிடைத்த 1639 ஆகஸ்ட் 22ஐ நினைவுகூரும் நாள் அது. அந்த வாரத்தில் தெருத்தெருவாக நடைகள் நடக்கும். வி. ஸ்ரீராம் போன்றவர்கள் வருஷம் முழுக்க நடத்துகிறார்கள். ஜனவரியில் மயிலாப்பூர் விழா, மாடவீதியில் கோலப்போட்டி, அதிலும் நடைகள்.

இந்த நடைகளில் போனால் ஒரு விஷயம் புரியும். 'நம்மது' என்று நாம் சொல்லும் பலவும் பிழைக்க வந்தவர்கள் கொண்டுவந்தவை.

மயிலாப்பூர் டிபன் என்று பெருமைப்படுகிறோம். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, சமையலறையில் சின்னச் சின்ன வேலைகள் பார்த்து மேலே வந்தவர் கே. கிருஷ்ண ராவ். 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கியவர் அவர்தான். 1962இல் வந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸை என் வயதுக்காரர்கள் மறக்க முடியுமா? 2008இல் மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. 1953இல் வந்த கற்பகாம்பாள் மெஸ், ராயர் மெஸ், காளத்தி கடை ரோஸ்மில்க் எல்லாம் இன்னும் இருக்கின்றன.

தி.நகர் என்றால் பட்டு. அந்தப் பட்டும் வந்ததுதான். தி.நகரே 1920களில் மாம்பலம் பெரிய ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய பேட்டை. தியாகராயர், பனகல் அரசர், நடேசன், சௌந்தரபாண்டியன் என்று நீதிக்கட்சித் தலைவர்கள் பெயரெல்லாம் அங்கே தெருவாக, பூங்காவாக, அங்காடியாக இருக்கிறது. 1928இல் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டி அங்கே கடை போட்டார்.

அடையாற்றில் ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கி, அடுத்த ஆண்டே நெசவுப் பிரிவையும் ஏற்படுத்தினார். பிறகு அது திருவான்மியூருக்குப் போனது. கோர்வைப் புடவை நெய்வதை ஒரு தடவையாவது நின்று பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. நெய்பவருக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரின் பெயரைக் கடை ரசீதில் யாரும் போடுவதில்லை.

இனி, எனக்குச் சிரிப்பு வராத காரணம்.

தொண்ணூறுகளில் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்தேன். 'தமிழ்நாட்டின் கைத்தொழில்கள் நான்கு எழுதுக' என்று கேள்வி உண்டு. விடையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். வகுப்பில் ஒரு பெண் ஒவ்வொரு செப்டம்பரிலும் இரண்டு மூன்று வாரம் வரமாட்டாள். காலாண்டுத் தேர்வையும் விட்டுவிடுவாள். அம்மாவைக் கூப்பிட்டு விட்டேன். "நவராத்திரி சீசன், டீச்சர். பொம்மைக்கு வண்ணம் அடிக்க ஆள் பத்தலை" என்றார். "படிப்பு முக்கியமா, பொம்மை முக்கியமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னது தப்பில்லை. கேட்ட விதம் தப்பு. நான்கு கைத்தொழில் எழுதச் சொன்ன எனக்கு, வகுப்பிலேயே ஒரு கைத்தொழில் உட்கார்ந்திருந்தது தெரியவில்லை.

இரண்டு வருஷம் முன்பு நவராத்திரிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு மரபு நடையில் போனேன். வடக்கு மாடவீதியில் பொம்மைக் கடைகளுக்கு எதிரே நின்று, வழிகாட்டித் தம்பி கொலுவைப் பற்றி நன்றாகவே பேசினார். எல்லோரும் படம் எடுத்தார்கள். ஒரு கடையிலிருந்து "டீச்சர்!" என்று குரல். அவள்தான். தலையில் நரை விழுந்திருந்தது.

"எப்படிம்மா போகுது வியாபாரம்?" என்றேன்.

"படம் எடுக்கறவங்க ஜாஸ்தி டீச்சர், வாங்கறவங்க கம்மி. கூட்டமா நின்னா வாங்க வர்றவங்களும் நகர்ந்து போயிடறாங்க" என்றாள்.

அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, "இவங்களைப் பேசச் சொல்லுங்களேன்" என்றேன். மறுக்கவில்லை, நல்ல பிள்ளை. அவள் கால்மணி நேரம் பேசினாள். காகிதக்கூழில் சுண்ணாம்புத் தூளும் பசையும் சேர்த்துப் பிசைவது, முன்பாதி பின்பாதி என்று இரண்டு அச்சில் அழுத்தி ஒட்டுவது, வெயிலில் காயவைப்பது, வெள்ளை பூசி அதன்மேல் வண்ணம் ஏற்றுவது எல்லாம் சொன்னாள். மழை பிடித்தால் காயாது. கடைசியில்தான் கண் திறப்பது. கை நடுங்கினால் பொம்மையே போயிற்று. சரக்கு காஞ்சிபுரத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் மதுரை விளாச்சேரியிலிருந்தும் வருகிறது என்று காட்டிக் காட்டிச் சொன்னாள். அன்று குழுவில் ஏழெட்டுப் பேர் பொம்மை வாங்கினார்கள்.

எல்லோரும் நகர்ந்த பிறகு அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஞாபகமே இல்ல டீச்சர்" என்றாள். பொம்மையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "அம்மாதான் ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து பழைய புத்தகத்தை எடுத்து ஆற்றுப்படையை மறுபடி படித்தேன். பணியில் இருந்தபோது கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. அங்கே வழி காட்டுபவனும் கலைஞன், வழி கேட்பவனும் கலைஞன். அந்தப் பயணமே கலைஞனின் அடுப்பு எரிவதற்காகத்தான். இன்றைய நடையில் நாம் நடக்கிறோம், கலைஞர் நின்று காட்சியாகிறார்.

ஆகவே தம்பி மகளுக்கு என் பதில்: தாராளமாகக் காசு கட்டிப் போம்மா. வழிகாட்டி படித்து, அலைந்து, தொண்டை வற்றப் பேசுகிறார். அதுவும் உழைப்புதான். நானே கூட்டிப் போயிருந்தால் முப்பது வருஷம் நான் பார்த்ததைத்தான் உனக்கும் காட்டியிருப்பேன். ஆனால் பதிவு செய்யுமுன் ஒன்று கேள்: "செய்பவர் பேசுவாரா? அவருக்கும் இதில் பங்கு உண்டா?" உண்டு என்றால் அதுதான் நல்ல நடை.

என் மாணவர்களுக்கு வழக்கம்போல வீட்டுப்பாடம். இந்த நவராத்திரிக்கு ஒரே ஒரு பொம்மையாவது வடக்கு மாடவீதிக் கடையில் வாங்குங்கள். பேரம் அதிகம் வேண்டாம். விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்ச் சரக்கு? தொழிலை யாரிடம் கற்றீர்கள்? விடைகளைக் கீழே எழுதுங்கள். இந்த முறை கரும்பலகையில் நான் விடை எழுதிப் போடமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்