கையொப்பத்தின் விலை: பேஸ்பால் டிராஃப்ட் முதல் ஐ.பி.எல். ஏலம் வரை

சயானில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து மாட்டுங்காவின் டட்கர் மைதானம் நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. தாதர் யூனியன் சங்கத்தின் களம் அது. சுனில் கவாஸ்கரும் திலீப் வெங்சர்க்காரும் அச்சங்கத்துக்காக ஆடியவர்கள். மாலை நேரங்களில் தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் தம் உயரத்துக்கு மிஞ்சிய பைகளைச் சுமந்து வரும் சிறுவர்களை அவ்வழியில் காண்கிறேன். அவர்களுள் தமிழ் பேசுவோரும் உண்டு. இவர்களில் ஒருவர் நாளை ஓர் அணியின் ஒப்பந்தத் தாளில் கையொப்பமிடும்போது எதைப் பெறுகிறார், எதைக் கொடுக்கிறார்? இக்கேள்விக்கு விளையாட்டு வரலாற்றில் மூன்று விடைகள் உள்ளன: டிராஃப்ட், வேலை, ஏலம். இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் டிராஃப்ட். 1965க்கு முன்னர் அமெரிக்கப் பேஸ்பாலில் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர் ஒருவரை எந்த அணியும் அணுகலாம். அதிகம் தருபவரிடம் அவர் சேரலாம். 1964இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவரான ரிக் ரைஷார்ட்டுக்கு ஏஞ்சல்ஸ் அணி சுமார் 2 இலட்சம் டாலர் கொடுத்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அணி உரிமையாளர்கள் புதிய முறையொன்றைக் கொணர்ந்தனர். அணிகள் வரிசையாக ஒவ்வோர் இளைஞரின் பெயரைச் சொல்லும். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை. ஓர் அணி சொல்லிவிட்ட பெயரை வேறோர் அணி நாடக்கூடாது. எளிய அணியும் நல்ல ஆட்டக்காரரைப் பெற வேண்டும் என்னும் சமத்துவமே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். முதல் டிராஃப்டின் முதல் பெயர் ரிக் மண்டே. கான்சாஸ் சிட்டி அதலெட்டிக்ஸ் அணி அவருக்கு அளித்தது சுமார் 1 இலட்சம் டாலர். நாடெங்கிலுமிருந்து முதலாமவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் விலை, ஓராண்டுக்கு முன் திறந்த சந்தையில் ஒரு மாணவர் பெற்றதில் ஏறக்குறைய பாதி. சமத்துவம் அணிகளுக்கிடையே வந்தது. அதன் செலவை ஆட்டக்காரர் ஏற்றார்.

எனினும் அம்முறையில் ஒரு கதவு திறந்திருந்தது. அதே 1965இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி டாம் சீவர் என்னும் கல்லூரி மாணவரைப் பத்தாவது சுற்றில் தேர்ந்தது. அவர் 70,000 டாலர் கேட்டார், அணி மறுத்தது, அவர் கையொப்பமிடாமல் கல்லூரிக்குத் திரும்பினார். பின்னாளில் நியூயார்க் மெட்ஸ் அணியில் சேர்ந்து அவ்விளையாட்டின் மிகப் பெரும் பந்துவீச்சாளர்களுள் ஒருவரானார். மறுத்துவிட்டுத் திரும்புவதற்கு அவருக்கு ஓர் இடம் இருந்தது என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். கையொப்பமிட்ட பின் நிலைமை வேறு. 'ரிசர்வ் விதி' என்னும் பழைய ஏற்பாட்டின்படி, அணி விரும்பும் காலம் வரை ஆட்டக்காரர் அவ்வணிக்கே உரியவர். அணி அவரை மாற்றித் தரலாம், அவராக விலக இயலாது. 1969இல் தம்மைக் கேளாமல் வேறோர் அணிக்கு மாற்றியதை எதிர்த்துக் கறுப்பின ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட் வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1975ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நடுவர் தீர்ப்பே அவ்விதியைத் தளர்த்தியது.

இரண்டாவது விடை நம் மும்பையில் உருவானது. அதன் பெயர் வேலை. 1930களில் தொடங்கிய டைம்ஸ் ஷீல்டு முதலிய அலுவலகப் போட்டிகளில் ஆலைகளும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் தத்தம் அணிகளைக் களமிறக்கின. அஜித் வடேகர் ஸ்டேட் பேங்க் ஊழியர். கவாஸ்கர் நிர்லானில் பணிபுரிந்தார். வெங்சர்க்கார் டாடா அணிக்கு ஆடினார். நிறுவனம் அளித்த தாளில் கிரிக்கெட் என்ற சொல் இருக்க வேண்டிய தேவையில்லை; அது பணிநியமன ஆணை. மாதச் சம்பளம், வருங்கால வைப்புநிதி, ஓய்வுக்குப் பின்னும் ஒரு பிடிமானம் ஆகியவை அதில் அடங்கின. சட்டத்தின் பார்வையில் ஆட்டக்காரர் அமெச்சூர். வாழ்க்கையின் பார்வையில் அவர் மாதச் சம்பளக்காரர். ஒன்றரை அறைக் குடியிருப்பில் வளர்ந்த ஓர் இளைஞர் பந்தையும் மட்டையையும் நம்பி இருபது வயதைக் கடக்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

இதை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பதற்கில்லை. யாரை எடுப்பது என்பது மேலாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. அறிமுகமும் பரிந்துரையும் தேவைப்பட்டன. பெண்களுக்கு இவ்வாயில் பெரும்பாலும் மூடியே இருந்தது. ஆயினும் தோள்பட்டை நொந்த பந்துவீச்சாளர் மறுநாள் காலை மேசைக்குத் திரும்பலாம். டாம் சீவருக்குக் கல்லூரி எதுவாக இருந்ததோ, மும்பை ஆட்டக்காரருக்கு அலுவலக நாற்காலி அதுவாக இருந்தது.

அந்த நாற்காலிகள் மெல்லக் குறைந்தன. 1982 சனவரியில் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின் கிரண்காவின் ஆலைகள் பல மீண்டெழவில்லை. 1990களின் பொருளாதார மாற்றங்களுக்குப் பின் நிறுவனங்கள் ஆட்டக்காரர்களை நிரந்தரப் பணியில் அமர்த்துவது அருகியது. இரயில்வே போன்ற பொதுத்துறைகளின் விளையாட்டு ஒதுக்கீடு மட்டும் நீடித்தது. மகேந்திர சிங் தோனி 2001 முதல் 2003 வரை கரக்பூரில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தது அவ்வழியில்தான். அதே தோனி 2008 பிப்ரவரியில் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்தில் 15 இலட்சம் டாலருக்கு எடுக்கப்பட்டார். ஒரே மனிதரின் வாழ்வில் இரண்டு யுகங்கள் சந்தித்துக்கொண்டன.

அந்த ஏலத்துக்கு அடுத்த மாதம் நிகழ்ந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா 2008 மார்ச் 2 அன்று கோலாலம்பூரில் வென்றது. அதையடுத்து அவ்விளைஞர்களை அணிகளுக்குப் பங்கிட ஐ.பி.எல். நிர்வாகம் தேர்ந்தது ஏலத்தை அன்று, டிராஃப்டை. மூத்தோருக்குச் சந்தை, இளையோருக்கு வரிசை. டெல்லி அணி தன் ஊர்க்காரரான விராட் கோலியை விடுத்துப் பிரதீப் சங்வானைத் தேர்ந்ததும், பெங்களூரு கோலியை 30,000 டாலருக்குப் பெற்றதும் இன்று வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படுகின்றன. வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த 30,000 டாலரைக் கோலி மறுத்திருந்தால் எங்கே சென்றிருக்க முடியும்?

விடையை 2010இல் ரவீந்திர ஜடேஜா அறிந்தார். ராஜஸ்தான் அணியுடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியுடன் பேச முயன்றார் என்பதற்காக அப்பருவம் முழுவதும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏலத்தில் கொச்சி அணி அவருக்கு 9,50,000 டாலர் கொடுத்தது. அவர் தம் விலையைத் தாமே கேட்டபோது அது குற்றம். மேடையில் சுத்தியல் அதையே அறிவித்தபோது அது முறை.

இந்தியாவுக்காக ஆடியிராதவர்களுக்கு 2011இல் அந்த மேடையும் கிடைக்கவில்லை. முதல்தரக் கிரிக்கெட்டில் ஆடிய ஆண்டுகளைக் கணக்கிட்டு 10, 20, 30 இலட்சம் ரூபாய் என மூன்று படிகளில் அவர்களின் ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. ஐ.பி.எல்.லில் சதமடித்த முதல் இந்தியரான மணீஷ் பாண்டே விதிகளுக்குப் புறம்பாக ஊதியம் பேசினார் என்று அவ்வாண்டு நான்கு ஆட்டங்களுக்கு இடைநிறுத்தப்பட்டார். 2014 முதல் இத்தகைய ஆட்டக்காரர்களும் ஏலத்துக்குள் வந்தனர். 1965இல் அமெரிக்காவில் விலையைக் குறைக்கப் பயன்பட்ட அதே கருவிகளை நாம் ஆறே ஆண்டுகளில் பயன்படுத்தித் தீர்த்தோம் எனலாம்.

ஏலம் சிலருக்கு உண்மையிலேயே கதவைத் திறந்தது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கியவர். 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக், ஆட்டக்காரர்களை டிராஃப்ட் வழியாகவே அணிகளுக்குப் பங்கிட்டது. நடராஜனின் பந்துவீச்சு வெளியுலகுக்குத் தெரிந்தது அங்குதான். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 இலட்சம் அடிப்படை விலையில் தொடங்கிய அவருடைய பெயர் 3 கோடியில் முடிந்தது. தமிழ்நாடு லீக்கும் 2023இல் டிராஃப்டைக் கைவிட்டு ஏலத்துக்கு மாறியது. ஆயினும் ஏலத்தில் ஆட்டக்காரருக்குக் குரல் இல்லை. எந்த ஊர், எந்தப் பயிற்சியாளர் என்பதை அவர் தேர்வதில்லை. அடிப்படை விலையை மட்டும் குறித்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். பெயர் விற்காதவர்களின் பட்டியலே ஒவ்வோராண்டும் நீளமானது. அவர்களுக்கு இன்று எந்த மேசையில் நாற்காலி இருக்கிறது?

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் 13 வயது வைபவ் சூர்யவன்ஷியை ராஜஸ்தான் அணி 1.10 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர்; அவரோடு செய்யும் உடன்பாடு செல்லாது என்பதை 1903இல் மொஹோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் உறுதிப்படுத்தியது. ஆகவே அச்சிறுவரின் சார்பில் பெரியவர்களே பேச வேண்டும். விலை அவருடையது, பேச்சு பிறருடையது. இளைய ஆட்டக்காரரின் வரலாறு முழுவதையும் இந்நிலை சுருக்கிச் சொல்கிறது.

விளையாட்டு வரலாற்றை எழுதும் நாம் ஊதியத் தொகையை மட்டும் குறித்துக்கொள்கிறோம். மறுக்கும் வாய்ப்பையும் அதனருகே குறிக்க வேண்டும் என்பது என் வாதம். தொகை கூடிய காலத்திலும் அவ்வாய்ப்பு குறைந்திருக்கலாம். டட்கர் மைதானத்துக்குச் செல்லும் அச்சிறுவர்களில் மிகச் சிலரே ஏலப் பட்டியலை எட்டுவர். எஞ்சியோர் திரும்பி வரும்போது ஒரு கல்லூரி இடமோ ஒரு வேலையோ காத்திருந்தால்தான், எட்டியவரின் கையொப்பமும் முழு மனத்தோடு இட்ட கையொப்பமாகும்.

அலுவலகக் கிரிக்கெட்டில் ஆடியோரின் பணிநியமன ஆணைகள், பழைய அணிப் பட்டியல்கள், மாட்டுங்கா, சயான், செம்பூர்த் தமிழ்ச் சங்கங்களின் விளையாட்டு மலர்கள் எவரிடமேனும் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன். இவ்வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் இரும்புப் பெட்டிகளிலும் பரண்களிலும்தான் கிடக்கிறது.