பறை (மதுரை வட்டாரம்)

வேப்பஞ்சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிச் செய்யப்படும் தோற்கருவி. தப்பு என்றும் பெயர். வாசிக்குமுன் வைக்கோல் தீயில் காட்டுவார்கள். தோல் விறைத்துக் குரல் கணீரென்று வரும். வலக்கையில் குட்டையான அடிகுச்சி, இடக்கையில் நீண்ட மூங்கில் சிம்பு.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. அதே கருவி பிற்காலத்தில் தலித் மக்கள்மீது சுமத்தப்பட்ட சாவு வீட்டு ஊழியத்தின் அடையாளமானது. அடிக்க மறுத்ததும், பின்பு அதையே வீதியிலும் மேடையிலும் உரிமைக் குரலாக அடித்ததும் ஒரே எதிர்ப்பின் இரு முகங்கள். இரண்டாவதே கடினமானது என்று சொல்லத் தோன்றுகிறது.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு ('பரட்டை') நாட்டுப்புற இசையைத் தேவாலய வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழு, ஆண்களே அடித்துவந்த பறையைத் தலித் இளம்பெண்களின் கையில் கொடுத்தது.

பறையின் பின்னாலிருந்த சாதிக் கேள்வி உலக மேடைக்கும் போனது. 2001-இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு உலக மாநாட்டில், சாதியையும் இனவெறியோடு சேர்த்துப் பேசவேண்டும் என்று தலித் அமைப்புகள் கோரின. இந்திய அரசு ஏற்கவில்லை. உள்ளூரிலோ, பறையடித்து ஊருக்கு அறிவிக்கும் தண்டோரா வழக்கம் இனி வேண்டாம் என்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத 2022 ஆகவேண்டியிருந்தது.

மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.