ஹுதைபிய்யாவில் கேட்ட விலங்கொலி



“நேர்மையாக நடந்த எனக்கு ஏன் ஹஜ்ரத் இந்த நிலை?” என்று ஜும்ஆ தொழுகைக்குப் பின் கண்கலங்கிக் கேட்போர் உண்டு. அவர்களிடம் பெரும்பாலும் அபூஜந்தல் (ரலி) அவர்களின் வரலாற்றையே நான் கூறுவேன்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) துல்கஃதா மாதம். உம்ராவை நாடி இஹ்ராம் அணிந்து, சுமார் 1,400 தோழர்களுடன் வந்த நபி (ஸல்) அவர்களைக் குறைஷிகள் மக்காவினுள் நுழையவிடாது தடுத்தனர். ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை பேசப்பட்டது. குறைஷிகளின் சார்பில் வந்தவர் ஸுஹைல் இப்னு அம்ர். இவ்வாண்டு திரும்பிவிட வேண்டும். 10 ஆண்டுகள் போரில்லை. பொறுப்பாளரின் அனுமதியின்றி மக்காவிலிருந்து மதீனா வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். மதீனாவிலிருந்து மக்கா செல்பவரையோ அவர்கள் திருப்பித் தரமாட்டார்கள்!

அந்நேரத்தில், கால்விலங்குகளை இழுத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி ஒருவர் வந்து சேர்ந்தார். அவரே அபூஜந்தல் (ரலி). ஸுஹைலின் சொந்த மகன்! இஸ்லாத்தை ஏற்றதற்காகத் தந்தையாலேயே விலங்கிடப்பட்டு வதைக்கப்பட்டவர். முதலில் இவரையே ஒப்படைக்க வேண்டும் என்றார் தந்தை. இவரை மட்டும் தமக்காக விட்டுவிடுமாறு நபியவர்கள் கேட்டும் அவர் இணங்கவில்லை. பொறுமை கொள்ளுமாறும், அவருக்கும் அவரைப் போன்ற பலவீனர்களுக்கும் அல்லாஹ் ஒரு வழியைத் திறப்பான் என்றும், கொடுத்த வாக்கை மீற இயலாதென்றும் கூறி நபியவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். நடந்தது அநியாயமே அல்ல என்று அவரிடம் எவரும் கூறவில்லை. வழி எப்போது, எவ்விதம் திறக்கும் என்பதும் சொல்லப்படவில்லை. உமர் (ரலி) அவர்களே பொறுக்க இயலாமல், சத்தியத்தில் இருக்கும் நமக்கு ஏன் இந்த இழிவு என்று கேட்டார்கள். அவ்வாறு கேட்டதற்காகப் பின்னர் வருந்திப் பல நல்லமல்களும் செய்தார்கள். ஆகவே, துயரத்தில் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டால் அவருக்கு ஈமான் இல்லையென்று நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம். திரும்பும் வழியில் அல்ஃபத்ஹ் அத்தியாயம் அருளப்பெற்றது. தோழர்கள் தோல்வியெனக் கண்டதை அல்லாஹ் வெற்றியென்று அறிவித்தான்.

வழி திறந்த விதம்தான் வியப்புக்குரியது. மதீனாவுக்கு வந்த அபூபஸீர் (ரலி) அவர்களும் இவ்வாறே திருப்பி ஒப்படைக்கப்பட்டார். அழைத்துச் சென்றவர்களுள் ஒருவரைக் கொன்று தப்பிய அவர், மதீனாவில் தங்க வழியின்றிக் கடற்கரையோரம் ஒதுங்கினார். அபூஜந்தலும் மக்காவிலிருந்து தப்பி அங்கே சென்றார். ஒவ்வொருவராக ஒரு கூட்டமே திரண்டது. குறைஷியர் ஷாமுக்கு வணிகம் செல்லும் பாதை அது. தம் வணிகக் கூட்டங்கள் தாக்கப்படவே, அந்த நிபந்தனையை விதித்த குறைஷிகளே, இவர்களை மதீனாவுக்கு அழைத்துக்கொள்ளுமாறு நபியவர்களிடம் மன்றாடினர்.

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) மக்காவினுள் நுழைந்தபோது நபியவர்களுடன் 10,000 பேர் இருந்தனர்.

ஸுஹைல் என்ன ஆனார் என்கிறீர்களா? மக்கா வெற்றிக்குப்பின் அவரும் இஸ்லாத்தைத் தழுவினார். கி.பி. 632இல் நபியவர்கள் மறைந்த செய்தி கேட்டு மக்காவாசிகள் தடுமாறியபோது, எழுந்து நின்று உரையாற்றி அவர்களை மார்க்கத்தில் நிலைநிறுத்தியவர், மகனுக்கு விலங்கிட்ட அதே தந்தைதான்.