யார் சார் எண்ணிப் பார்த்தது?

 

எட்டாம் வகுப்பில் ஒருநாள் "பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள்" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "யார் சார் எண்ணிப் பார்த்தது?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியாது. அதை ஒத்துக்கொள்ளாமல், "அதிகப்பிரசங்கி, உட்காருடா" என்று அடக்கிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

எண்ணியவர் பெயர் கிளேர் பேட்டர்சன். அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக்காரர். யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு பிடிக்கும். அது ஈயம் 206 ஆகும். யுரேனியம் 235 இன்னும் வேகமாகச் சிதைந்து ஈயம் 207 ஆகும். ஈயம் 204 மட்டும் இப்படிச் சேர்வதில்லை, ஆதியில் இருந்த அளவேதான் இன்றும். இந்த மூன்றின் விகிதத்தை வைத்து வயதைக் கணக்கிடலாம்.

ஆனால் தொடக்கத்தில் விகிதம் என்னவாக இருந்தது? பூமியின் ஆதிப் பாறைகள் உருகிக் கலந்து போய்விட்டன. அதனால் அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்லோ விண்கல்லை எடுத்தார். அதற்குள் இருக்கும் ஓர் இரும்பு சல்பைடு கனிமத்தில் யுரேனியம் இல்லாத மாதிரிதான்; ஆகவே அதிலுள்ள ஈயம் பிறந்தபடியே இருக்கிறது. 1956-ல் விடை அச்சானது: 455 கோடி ஆண்டு, கூடக்குறைய 7 கோடி. இன்றும் பெரிதாக மாறவில்லை.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். சிகாகோவில் ஆராய்ச்சி தொடங்கியபோது, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஈயம் வந்துகொண்டே இருந்தது. காற்றில், கண்ணாடிக் குடுவையில், தலைமுடியில், எல்லாவற்றிலும் ஈயம். அமிலம் ஊற்றிக் கழுவிக் கழுவி, ஆய்வறையைச் சுத்தம் செய்யவே வருஷங்கள் போயின. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. கடல் நீரையும் கிரீன்லாந்துப் பனியையும் அளந்தார். பழைய பனியில் ஈயம் மிகக் குறைவு, புதிய பனியில் ஏறிக்கொண்டே போகிறது. முக்கியக் காரணம், எஞ்சின் இடிக்காமல் இருக்க 1920-களிலிருந்து பெட்ரோலில் கலந்த ஈயச் சேர்மம்.

1965-ல் பகிரங்கமாக எழுதினார். கம்பெனிகளின் பகைதான் மிச்சம். காற்றிலுள்ள ஈயத்தை ஆராய 1971-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த குழுவில் அவருக்கே இடமில்லை! ஆனாலும் மனிதர் விடவில்லை. 1996 ஜனவரி 1 முதல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் முழுத் தடை. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1995 டிசம்பரில் பேட்டர்சன் காலமானார்.

நம் நாட்டில் 2000-ல்தான் நின்றது. அதற்கு முன் என் மொபெட்டிலிருந்து டியூப் வைத்து வாயால் பெட்ரோல் உறிஞ்சி எடுத்ததை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. உங்களில் சிலரையும் அந்த வேலைக்கு ஏவியிருக்கிறேன்.

கேள்வி கேட்ட தம்பி, இதைப் படித்தால் கமெண்டில் வாப்பா. அன்றைக்கு உன்னை உட்கார வைத்தது என் தப்பு.