தனியார் பள்ளியின் வளாகம் பளபளக்கிறது... கட்டணம் அதற்குத் தகுமா?

டிப்ளோமா கையில் இருக்கிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. மேசைமேல் இரண்டு தனியார் பள்ளிகளின் சிற்றேடுகள். பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஒன்றில் கட்டணம் 6,000 வெள்ளி அதிகம்.

ஏன் என்று கேட்டால், "எங்க கேம்பஸை வந்து பாருங்க" என்கிறார்கள்.

போய்ப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

படிப்பு 18 மாதம் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை போக 60 வாரம். வாரத்துக்கு மூன்று நாள் வகுப்பு. மொத்தம் 180 தடவை அந்த வாசலைத் தாண்டப் போகிறீர்கள். 6,000-ஐ 180-ஆல் வகுத்தால் சுமார் 33 வெள்ளி. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் வளாகத்துக்கு மட்டும் நீங்கள் வாங்கும் டிக்கெட் அது. வேலை பார்த்துக்கொண்டே வாரம் இரண்டு மாலை மட்டும் படிப்பவர்களுக்கு? டிக்கெட் 50 வெள்ளி!

அந்த 33 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

நீங்கள் தோ பாயோவில் குடியிருப்பவர் என்றால் பதிலில் பாதி வீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. நகர மையத்தில் இருக்கும் பொது நூலகம் 1974இல் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளின்போது போட்டியாளர்கள் தங்கியதும் இதே பேட்டையில்தான். 2030க்குள் முடிக்கத் திட்டமிடப்பட்டுள்ள தோ பாயோ ஒருங்கிணைந்த மேம்பாட்டில் வட்டார நூலகம், நீச்சல் வளாகம், விளையாட்டரங்கம், பலதுறை மருந்தகம் எல்லாம் வரவிருக்கின்றன. ஆக, நீச்சல் குளத்துக்கும் ஜிம்முக்கும் படிக்க ஓர் அமைதியான மேசைக்கும் பள்ளிக்குப் பணம் கட்டத் தேவையில்லை. பொது நூலகத்தில் உறுப்பினராகச் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் கிடையாது. பொது நீச்சல் குளத்துக்குள் போகச் சில வெள்ளி இருந்தால் போதும்.

வெளியே கிடைக்காதது எது? தாதிமைப் படிப்புக்கு நோயாளிப் பொம்மைகளுடன் கூடிய பயிற்சி அறை. பொறியியலுக்கு ஆய்வுக்கூடம். சமையல் கலைக்கு அடுப்பும் எரிவாயுவும் உள்ள உண்மையான சமையலறை. ஊடகப் படிப்புக்கு ஒலிப்பதிவுக்கூடம். இவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் வணிக நிர்வாகம் படிக்கப் போகிறவருக்கு வகுப்பறை, வேகமான வைஃபை, நல்ல ஆசிரியர், இணையவழி ஆய்விதழ்களைப் படிக்கும் வசதி... அவ்வளவுதானே?

வளாகம் எங்கே இருக்கிறது என்பதை வைத்தும் எடைபோட முடியாது. பிஎஸ்பி அகாடமியின் நகர வளாகம் மரினா ஸ்குவேர் கடைத்தொகுதியில் இருக்கிறது. தோ பாயோவிலிருந்து சிட்டி ஹாலுக்கு ரயிலில் ஆறு நிறுத்தம், பிறகு நடை. எஸ்ஐஎம், கிளமெண்டி சாலையில் பெரிய வளாகம் வைத்திருக்கிறது. எது உங்களுக்குச் சரி என்பதைக் கட்டடத்தைவிட உங்கள் பாட அட்டவணைதான் சொல்லும்.

அதனால் ஓப்பன் ஹவுஸ் நாளில் மட்டும் போகாதீர்கள். அன்று எல்லா விளக்கும் எரியும். சாதாரண வேலைநாளில், மாலை ஏழு மணிக்குப் போங்கள். ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கிறதா? உங்கள் பாடத்தில் அதற்கு வாரத்துக்கு எத்தனை மணிநேரம்? வகுப்பு நேரம் தவிர மற்ற நேரத்தில் பயன்படுத்தலாமா? பதில் அட்டவணையில் இருக்க வேண்டும், வாய்வார்த்தையில் அல்ல.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முடிவுசெய்கிறது. பள்ளி அமைந்துள்ள இடம், அங்குள்ள உள்கட்டமைப்பு, நிர்வாக, பராமரிப்புச் செலவு எல்லாம் அதில் சேரும். சிங்கப்பூரில் தனியார் கல்வி நிலையங்களின் கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிப்பதில்லை. இங்கே அந்தக் குழு நீங்கள்தான்.

பெரிய வளாகம் என்றால் பள்ளி நிலைத்து நிற்கும் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007இல் இங்கே கிளை திறந்தது. சாங்கியில் பிரம்மாண்ட வளாகம், காலப்போக்கில் 15,000 மாணவர்கள் என்பது திட்டம். மார்ச்சில் வகுப்பு தொடங்கியது. சேர்ந்தவர்கள் 150க்கும் குறைவு. மே மாதமே மூடப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. சாங்கி வளாகம் கட்டி முடிக்கப்படவே இல்லை.

இப்படி நடந்தால் கட்டிய பணம் என்ன ஆகும்? அதற்குத்தான் கட்டணப் பாதுகாப்புத் திட்டம். எடுடிரஸ்ட் சான்றிதழ் பெற்ற பள்ளிகள் அதை வைத்திருப்பது கட்டாயம். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் தனியார் பள்ளிகளுக்கு எடுடிரஸ்ட் கட்டாயம். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பிடம் பள்ளி பதிவு பெற்றிருப்பது மட்டும் பாடத்தின் தரத்துக்கான முத்திரை ஆகாது. நம்மில் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

பளபளப்பைத் தாண்டிப் பார்க்க இன்னோர் எண் உண்டு. 2023/24 பட்டதாரிகள் பற்றிய கருத்தாய்வில், வேலை தேடிய தனியார் கல்வி நிலையப் பட்டதாரிகளில் முழுநேர நிரந்தர வேலை கிடைத்தது 46.4 விழுக்காட்டினருக்கு மட்டுமே. தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் அது 80 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. நீங்கள் சேரப்போகும் பள்ளியின் எண் என்ன என்று நேரடியாகக் கேளுங்கள். நீச்சல் குளத்தின் நீளத்தைச் சொல்பவர்கள் இதையும் சொல்லத்தானே வேண்டும்?

எல்லாம் பிடித்துப்போய்க் கையெழுத்திட உட்கார்ந்தால், மாணவர் ஒப்பந்தத்தில் 'பி' அட்டவணையைத் தேடுங்கள். பாடக் கட்டணம் அதில் பிரித்து எழுதப்பட்டிருக்கும். வளாக வசதிக்கென்று தனி வரி இருக்கிறதா? 'சி' அட்டவணையில் மறுதேர்வு போன்ற இதரக் கட்டணங்கள். 'டி' அட்டவணையில், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற விவரம்.

கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறினால் ஏழு வேலைநாள் அவகாசம் உண்டு. சனி, ஞாயிறு அதில் சேராது.